படித்ததும் படுத்ததும்

எமிலியானாவைக் கன்னியாஸ்திரி ஆக்கியவர், நீதிமன்றத்தில் சத்தியம் செய்து தொழில் நடத்திய ஒரு மொழிபெயர்ப்பாளர். அவரைக் குறை சொல்ல முடியாது. பாசையூரில் பிறந்த அந்தப் பெண் யாழ்ப்பாணத்தில் ஒரு கொன்வென்ற்றில் படித்தாள். பிறகு சாவகச்சேரிப் பக்கமிருந்த தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் இரண்டு வருடம் கட்டடப் படவரைஞர் வகுப்புக்குப் போனாள். அவளுடைய ஆங்கிலச் சான்றிதழ்களில் முதலாவது இடத்துக்கு ‘கொன்வென்ற்’ என்றும் இரண்டாவதுக்கு ‘கொலிஜ்’ என்றும் இருந்தன. யாழ்ப்பாணத்தில் இரண்டும் காலையில் போய்ப் பின்னேரம் வீட்டுக்கு வருகிற இடங்கள். இத்தாலியில் ‘கொன்வெந்தோ’ என்றால் கன்னியாஸ்திரிகள் வாழும் மடம். ‘கொல்லேஜோ’ என்றால் பிள்ளைகளுக்குப் படுக்கை கொடுத்துத் தங்கவைக்கும் விடுதி. மொழிபெயர்ப்பாளர் காதுக்கு ஒத்துவந்த சொற்களை எழுதினார், முத்திரை ஒட்டினார், எல்லாம் உண்மை என்று சத்தியம் செய்தார்.

சத்தியம் செய்யப்பட்ட அந்தத் தாள்களின்படி எமிலியானா சிறு வயதிலேயே மடத்தில் சேர்ந்தவள். பிறகு ஒரு விடுதிக்கு மாறி அங்கே இரண்டு வருடம் தங்கியவள். எந்த இடத்திலும் அவள் எதையும் படித்ததாக இல்லை.

இது 1994இல் நடந்தது. பலெர்மோவில் சாந்தா நின்பா பல்கலைக்கழகம் ஒரு பழைய அரண்மனையில் இருந்தது. அதைக் கட்டிய பிரபுவின் குடும்பம் பல தலைமுறைகளாக எந்த வேலையும் செய்யாமல் அங்கே வாழ்ந்தது. பல்கலைக்கழகம் அந்த மரபைக் கைவிடவில்லை. அங்கே கட்டடக்கலையில் நான்கு வருடப் படிப்பு ஒன்று இருந்தது. ஊரில் படித்த இரண்டு வருடத்தையும் ஏற்றுக்கொண்டால் எமிலியானா மூன்றாம் வருடத்தில் சேரலாம்.

அவள் பொலிதேயாமாப் பகுதியில் ஒரு சிஞோராவின் வீட்டுக்கு வேலைக்குப் போய், படுக்கையோடு கிடந்த அந்த அம்மாவின் தாயைப் பார்த்துக்கொண்டாள். அவளுடைய அண்ணன் அகஸ்ரின் ஒரு வழக்கறிஞரின் வீட்டில் சமையலும் துப்புரவும் செய்தான். பல்லரோச் சந்தையில் அல்பேட் நடத்திய பலசரக்குக் கடைக்கு மேலே ஓர் அறையில் இருவரும் குடியிருந்தார்கள். மன்னாரில் றோசமலர் என்ற பெண் அகஸ்ரினுக்காகக் காத்திருந்தாள்.

“நீ படிச்சு முடியுமட்டும் கலியாணக் கதையை நான் எடுக்கமாட்டன்,” என்று அகஸ்ரின் வாக்குக் கொடுத்திருந்தான். “ஆனா பிள்ளை, ரெண்டு வருசம் எண்டால் நானும் தாங்குவன், றோசமலரும் தாங்குவாள். நாலு வருசம் எண்டால் நான் மட்டும்தான் தாங்குவன். அவளின்ரை தமையன் லண்டனிலை ஒருத்தனைப் பாத்து வச்சிருக்கிறான்.”

ஆகவே அந்த இரண்டு வருடங்களில் மூன்று பேருடைய வாழ்க்கை தொங்கியது. பல்கலைக்கழகத்துக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அதற்கும் ஒரு சான்றிதழ் கேட்டிருக்கும்.

மாணவர்களைப் பதிவுசெய்யும் அலுவலகத்தை அங்கே செக்ரெத்தேரியா என்பார்கள். அதன் தலைவர் லோ பீக்கோலோ; பட்டம் பெற்றவர் என்பதால் ‘தொத்தோர்’. அவருடைய யன்னல் வாரத்தில் இரண்டு காலைகள் திறக்கும். திறந்த நேரமெல்லாம் மூடுவதற்கான ஆயத்தங்கள் நடக்கும். எமிலியானாவின் முறை வந்த அன்று அவர் தாள்களைப் புரட்டிவிட்டு எழுந்து நின்றார்.

“உட்காருங்கள், சகோதரி.”

“நான் சகோதரி இல்லை, தொத்தோரே.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “விலகிவிட்டீர்களா?”

“சேரவே இல்லை. அது பள்ளிக்கூடம். எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்தை அப்படித்தான் சொல்வோம்.”

“உங்கள் ஊரில் எப்படிச் சொல்வீர்கள் என்பது உங்கள் ஊருக்குரிய விடயம். இங்கே, சத்தியம் செய்த மொழிபெயர்ப்பில், மடம் என்று இருக்கிறது. மடத்தில் இருந்தவர் துறவற வார்த்தைப்பாடு கொடுத்திருப்பார். வார்த்தைப்பாடு கொடுத்தவர் அதிலிருந்து விடுவிக்கப்பட்ட சான்றிதழ் இல்லாமல் இங்கே படிக்க வந்தால், நாளைக்கு உங்கள் மடம் உங்களைத் திருப்பித் தரும்படி எங்களைக் கேட்கும். நான் எங்கே போவேன்?”

“மொழிபெயர்ப்பைத் திருத்தலாமே?”

“திருத்தலாம். அப்படியானால் அவர் பொய்ச் சத்தியம் செய்தார் என்றாகும். பிள்ளைகுட்டிக்காரரான அந்த மொழிபெயர்ப்பாளரைச் சிறைக்கு அனுப்ப விரும்புகிறீர்களா?”

எமிலியானா விரும்பவில்லை. லோ பீக்கோலோ அவளைக் கனிவோடு பார்த்தார். அவர் கெட்டவரல்ல, கெட்டவராவதற்கும் ஏதாவது செய்யவேண்டும்.

“கேளுங்கள் சிஞோரினா. இந்த நாற்காலியில் இத்தனை வருடம் இருந்து நான் ஒருவருக்கும் அநியாயம் செய்ததில்லை. ஏனென்று சொல்லவா? நான் ஒருபோதும் எதையும் முடிவுசெய்ததில்லை.”

இதைச் சொல்லிவிட்டு யன்னலை மூடினார்.

அன்று பின்னேரம் அகஸ்ரின் சிரித்துச் சிரித்துக் கட்டிலில் விழுந்தான். “அப்ப உன்னை இனி சிஸ்ரர் எண்டே கூப்பிட? சிஸ்ரர், தேத்தண்ணி போடுங்கோ!”

“போடா விசரா. இப்ப நான் எங்கை போய் விடுதலைப் பத்திரம் எடுக்கிறது?”

“மடத்திலைதான். ஒரேத்தோப் பக்கம் ஒரு மடம் இருக்கு. எங்கடை ஆக்கள் கூட்டித் துடைக்கப் போறவை. மதர் பகிடிக்காரி எண்டு கதை.”

ஒரேத்தோ மடத்தின் மதர் எண்பதைத் தாண்டியவர். எமிலியானா சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்தபிறகும் நெடுநேரம் மூடியிருந்தார். தூங்கிவிட்டாரோ என்று எமிலியானா நினைத்தபோது பேசினார்.

“விடுவிக்க எனக்கு அதிகாரம் உண்டு மகளே. ஆனால் வைத்திருந்தால்தானே விடலாம்? நீ உள்ளே வா. ஆறு மாதம் இரு. வெளியே போகும்போது நல்ல கடிதம் தருகிறேன்.”

“ஆறு மாதம் இருந்துவிட்டு எனக்குப் போக விருப்பமில்லாமல் போனால்?”

“அப்படி இதுவரை ஒருத்திக்கும் நடந்ததில்லை.” மதர் சிரித்தார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து ஒரு தாளை எடுத்து, இந்தப் பெண் எங்கள் மடத்தில் இல்லை, என்று எழுதினார். கீழே மடத்தின் முத்திரையைக் குத்தினார். அது ஒரு தேநீர்க் கோப்பையின் வாயளவு இருந்தது. “எழுத்தை அவர்கள் வாசிக்கமாட்டார்கள். இதைப் பார்ப்பார்கள்.”

லோ பீக்கோலோ பார்த்தார். உலகத்திலுள்ள ஒரு மடத்தில் எமிலியானா இல்லை என்பது இப்போது உறுதியாகிவிட்டது. மற்ற மடங்களைப் பற்றி அவர் கேட்கவில்லை. முத்திரையைச் சுட்டுவிரலால் தடவி, “அழகான வேலை,” என்றார். “சரி, மடம் முடிந்தது. இனி விடுதி.”

“அது விடுதி இல்லை, கல்லூரி.”

“விடுதி என்று சத்தியம் செய்யப்பட்டிருக்கிறது. விடுதியில் தங்குவது படிப்பாகாது. இல்லாவிட்டால் இந்த நகரத்தில் ஹோட்டல்காரன் எல்லாம் பேராசிரியன். நீங்கள் அங்கே தூங்கவில்லை என்று காட்டினால், வேறு ஏதோ செய்தீர்கள் என்று நாங்கள் ஊகிக்கலாம். அந்த வேறு ஏதோ, படிப்பாக இருக்கலாம்.”

“கோப்பாய், கைதடி எல்லாம் சுற்றி ஒவ்வொரு நாளும் சைக்கிளில் வீட்டுக்குப் போனேன்.”

“சைக்கிள் எங்கே?”

“ஊரில்.”

“அப்படியானால் நான்கு சாட்சிகள் வேண்டும். இரத்த உறவு கூடாது.”

சாட்சிகளைத் திரட்டும் பொறுப்பை அல்பேட் எடுத்துக்கொண்டார். கடைக்குக் கருவாடு வாங்க வந்தவர்களில் மூவரைப் பிடித்துப் பட்டாளம்போல நிறுத்தினார். நான்காவது ஆள் அவரே. இராஜதுரை என்ற வயதானவர் மட்டும் இடறினார். அவர் ஒரு பல்வைத்தியரின் வீட்டில் தோட்டம் பார்த்தவர். வெள்ளிக்கிழமைகளில் பச்சைத்தண்ணிகூடக் குடிக்காதவர்.

“தம்பி அல்பேட், நான் எண்பத்தேழிலை இஞ்சை வந்தனான். இந்தப் பிள்ளை அங்கை படிக்கேக்கை நான் இஞ்சை பூக்கண்டுக்குத் தண்ணி ஊத்திக்கொண்டு நிண்டனான். நான் எப்பிடிச் சத்தியம் பண்ணுறது?”

“அண்ணை, பிள்ளை அங்கை படுக்கேல்லை எண்டு சொன்னால் காணும். பொய்யே அது?”

“பொய் எண்டு நான் சொல்லேல்லை. நான் பாக்கேல்லை எண்டுறன்.”

“இஞ்சை ஆர் எதைப் பாத்துச் சத்தியம் பண்ணுறாங்கள்? நீங்கள் வாங்கோ. வாற கிழமை உங்களுக்கு ஒடியற்கூழுக்குச் சாமான் முழுக்க நான் தாறன்.”

சத்தியம் வாங்குவதற்காக லோ பீக்கோலோ கறுப்புக் கோட்டு அணிந்து வந்திருந்தார். அல்பேட்டும் மற்ற இருவரும், அவள் அந்த விடுதியில் தூங்காததைத் தங்கள் கண்ணாலேயே கண்டதாகச் சொன்னார்கள். அல்பேட் ஒரு படி மேலே போய், அவள் தூங்காததை இரவில்தான் தெளிவாகக் கண்டதாகச் சொன்னார். லோ பீக்கோலோ முகத்தில் அசைவில்லாமல் எழுதிக்கொண்டார். இராஜதுரையின் முறை வந்தது. அவர் திருநீற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“விண்ணப்பதாரர் அங்கே தூங்கியதைப் பார்த்தீர்களா?”

“பார்க்கவில்லை.”

“தூங்காததைப் பார்த்தீர்களா?”

“அதையும் பார்க்கவில்லை.”

“அந்த விடுதியைப் பார்த்தீர்களா?”

“இல்லை ஐயா. நான் ஒன்றையுமே பார்க்கவில்லை.”

அல்பேட் தலையில் கைவைத்தார். ஆனால் லோ பீக்கோலோ பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து இராஜதுரையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன.

“என் தந்தையின் காலத்தில் இந்த நகரத்தில் இப்படிச் சாட்சிகள் இருந்தார்கள்,” என்றார். “இப்போது எல்லோரும் எதையாவது பார்த்துவிடுகிறார்கள்.”

மூவரின் சாட்சியம் சந்தேகத்துக்குரியது என்றும், இராஜதுரையின் சாட்சியம் குறையற்றது என்றும் கோப்பில் எழுதப்பட்டது. குறையற்ற சாட்சியத்தில் ஒரு தகவலும் இல்லாததால் கல்லூரி அதிபரிடமிருந்தே கடிதம் வரவேண்டும் என்று முடிவாயிற்று. படிகளில் இறங்கும்போது இராஜதுரை, “மெய் சொன்னால் மதிக்கிற இடம் இருக்குத்தான்,” என்றார்.

யாழ்ப்பாணத்துக்குத் தபால் ஒழுங்காகப் போகாத காலம். எமிலியானாவின் அம்மா தானே கல்லூரிக்குப் போய் அதிபரைக் கண்டு கேட்டா. கடிதம் ஒரு பாதிரியாரின் சட்டைப்பையில் கொழும்புக்கு வந்து, இன்னொருவரின் பயணப்பெட்டியில் ரோமுக்கு வந்து, பலெர்மோவுக்கு வந்தபோது 1995 இளவேனில். தட்டச்சுக்கு நாடா கிடைக்காததால் அதிபர் கையால் எழுதியிருந்தார், கொப்பித் தாளில், தமிழில். ‘செல்வி எமிலியானா எமது கல்லூரியில் இரண்டு வருடம் படித்தார்.’ அவ்வளவுதான். கீழே கையெழுத்து. முத்திரை சின்னது.

இந்த முறை கோப்பு லோ பீக்கோலோவைத் தாண்டி மேலே போனது. வெளிநாட்டுத் தகைமைகளைத் தீர்மானிக்கும் ஆணைக்குழு ஒன்று இருந்தது. அதன் தலைவர் பேராசிரியர் மொந்தால்தோ. அவர் கீழைத்தேய மொழிகளில் அறிஞர். கட்டடக்கலைக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு, அவர் ஒரு கட்டடத்துக்குள் வேலைசெய்தார் என்பதே. இந்தியாவுக்கு அவர் போனதில்லை, தூசு ஒத்துக்கொள்ளாது. இலங்கை, இந்தியாவின் ஒரு பகுதி என்று கருதினார். இளமையில் ஒரு பழைய இலக்கண நூலை வைத்து இரண்டு கோடைகாலம் தமிழ் கற்றிருந்தார். அந்தத் தமிழில் பேச அவருக்கு இதுவரை ஓர் ஆள் கிடைக்கவில்லை.

எமிலியானா உள்ளே வந்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தமிழில் கேட்டார்:

“நங்காய், நீ யாண்டுத் துயின்றனை?”

அவளுக்கு அது தமிழ் என்று பிடிபடச் சிறிது நேரம் எடுத்தது. “விளங்கேல்லை,” என்றாள், தன்னையறியாமல்.

பேராசிரியர் லோ பீக்கோலோவின் பக்கம் திரும்பினார். “குறித்துக்கொள்ளுங்கள். விண்ணப்பதாரரின் தமிழ் பலவீனமானது.”

பிறகு அதிபரின் கடிதத்தை வெளிச்சத்துக்குப் பிடித்தார். “இரண்டு வருடம்,” என்று மெதுவாக வாசித்தார். “எமது கல்லூரியில். இரண்டு வருடம். படு. படுத். படுத்தார்.”

“படித்தார்,” என்றாள் எமிலியானா.

“இந்த எழுத்தைப் பாருங்கள். ‘டு.’”

“‘டி’, பேராசிரியரே. அதிபருக்குச் சுழி கொஞ்சம் கீழே இறங்கும். அவர் எங்களுக்கு எழுதுபலகையில் எழுதும்போதும் அப்படித்தான்.”

“சிஞோரினா,” என்றார் மொந்தால்தோ, “இந்த மொழி உங்கள் தாய்மொழி. ஆகவே நீங்கள் இதில் பக்கச்சார்பற்றவர் அல்ல. ஒரு மொழியைப் பற்றி அதைப் பேசுகிறவர்களிடம் கேட்பது விஞ்ஞான முறையாகாது. மீனிடமா கடலைப் பற்றிக் கேட்கிறோம்? ‘படு’ என்பது மிகப் பழைய வினையடி. படுத்தல், கிடத்தல், விழுதல், துன்பமடைதல், இறத்தல் என்று அதற்குப் பல பொருள். மொழிபெயர்ப்பில் ‘விடுதி’ என்று சத்தியம் செய்யப்பட்டிருக்கிறது. அதிபரும் ‘படுத்தார்’ என்கிறார். இரண்டு தனித்தனி ஆதாரங்கள் ஒரே உண்மையைச் சொல்கின்றன. ஒருவருக்கொருவர் தெரியாத இரண்டு பேர் ஒரே பொய்யைச் சொல்வார்களா?”

“ஒரு கல்லூரி அதிபர், ஒரு பெண்பிள்ளை எங்கள் கல்லூரியில் இரண்டு வருடம் படுத்தாள் என்று ஏன் கடிதம் எழுதவேண்டும்?”

பேராசிரியர் யோசித்தார். அந்தக் கேள்வியில் இருந்த நியாயம் அவருடைய முகத்தில் ஒரு கணம் தெரிந்தது. பிறகு அதை அவர் வென்றுவிட்டார்.

“கீழைத்தேய மனம்,” என்றார்.

இறுதி அமர்வு பின்போடப்பட்டது. முதலில் பரீட்சைகள். பிறகு நகரத்தின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவின் திருவிழா. பிறகு ஓகஸ்ட், ஓகஸ்டில் பலெர்மோவில் நாய்கூட விண்ணப்பம் போடாது. பிறகு வேலைநிறுத்தம். அந்த ஓகஸ்டில் எமிலியானா மற்றத் தமிழ்ச் சனத்தோடு செருப்பில்லாமல் மொந்தே பெல்லெக்ரீனோ மலையேறி ரொசாலியாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். ரொசாலியா தான் பிறந்த பிரபு வீட்டை விட்டு அந்த மலைக் குகையில் போய்ப் படுத்தவள். அதற்கு அவளிடம் ஒருவரும் சான்றிதழ் கேட்கவில்லை. புனிதப் பட்டமே கொடுத்தார்கள்.

ஒக்ரோபர் கடைசியில், இராணுவம் நெருங்கிவர, யாழ்ப்பாண நகரம் முழுவதும் ஓர் இரவில் ஊரைவிட்டு எழுந்து நடந்தது. வானொலியில் கேட்டார்கள், பத்திரிகையில் தேடினார்கள். பாசையூரில் அம்மா தனிய இருந்தா. அல்பேட்டின் கடைத் தொலைபேசியைச் சுற்றி ஆட்கள் குந்தியிருந்தார்கள். அது அடிக்கும்போதெல்லாம் எல்லோரும் எழும்பினார்கள். இரண்டு கிழமை கழித்து வவுனியாவிலிருந்து ஒரு மச்சான் எடுத்தான். அகஸ்ரின்தான் பேசினான்.

“ஓம்... ஓம்... ஆர் கண்டது? நீயே கண்டனியோ?... எங்கையாம்?... எங்கை?”

றிசீவரை வைத்துவிட்டு வெங்காய மூட்டையில் உட்கார்ந்தான்.

“அம்மா சுகமாம் பிள்ளை. நாவற்குழிப் பாலத்தாலை நடந்து சாவகச்சேரிக்குப் போயிட்டாவாம்.”

“ஆற்றை வீட்டிலை நிக்கிறா?”

“வீடெல்லாம் நிரம்பிட்டுதாம்.” அவன் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. “உன்ரை கொலிஜிலைதான் நிக்கிறா. ட்ரோயிங் ஹோலிலையாம். மேசையளைச் சுவரோடை ஒதுக்கிப்போட்டுப் பாய் விரிச்சுச் சனம் படுக்குதாம்.”

அல்பேட் தொண்டையைச் செருமினார். கடையில் நின்றவர்களில் ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். எமிலியானா மேலே போய், சிஞோராவின் தாய்க்கு வாங்கிவைத்த தோடம்பழங்களை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். வேறு செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

டிசெம்பரில் அமர்வு கூடியது. போகும் வழியில் அகஸ்ரின் தமிழ்ப் பாடம் எடுத்தான்.

“கனக்கக் கதையாதை. அவங்கள் என்ன கேட்டாலும் இல்லை எண்டு சொல். ஒரு சொல்லு. இல்லை. அவ்வளவுதான். றோசமலர் போன கிழமையும் எழுதினவள், தமையன் தேதி கேக்கிறானாம்.”

“கேள்வி என்னெண்டு தெரியாமல் எப்பிடி இல்லை எண்டுறது?”

“இவங்கள் வேறை என்னத்தைக் கேக்கப்போறாங்கள்? படுத்தனியோ எண்டுதான்.”

அவன் படிகளிலேயே நின்றுகொண்டான். உள்ளே கூரையில் பிரபுவின் காலத்துத் தேவதூதர்கள் சாய்ந்து படுத்திருந்தார்கள். அவர்களுக்குக் கீழே ஆணைக்குழு. பேராசிரியர் மொந்தால்தோ நல்ல மனநிலையில் இருந்தார். கோடையில் தன் அகராதியை மறுபடி பார்த்ததாகவும், ‘படி’ என்றும் ஒரு வினையடி இருப்பதைக் கண்டுபிடித்ததாகவும் அறிவித்தார்.

“ஆகவே பிரச்சினை ‘டி’யா ‘டு’வா என்பதாகச் சுருங்கிவிட்டது. தாள் பதில் சொல்லவில்லை. தாள் பதில் சொல்லாதபோது நான் உலகத்தைக் கேட்கிறேன். எல்லா அறிஞர்களும் அப்படிச் செய்வதில்லை. ஒரு கேள்வி, சிஞோரினா. நீங்கள் நேர்மையானவர் என்று நினைக்கிறேன். அந்தக் கட்டடத்தில் யாராவது படுத்துறங்குகிறார்களா? இல்லையென்றால் அது விடுதியல்ல. அப்போது எழுத்து ‘டி’. உங்களுக்கு மூன்றாம் ஆண்டில் இடம். லோ பீக்கோலோ தாளைத் தயாராக வைத்திருக்கிறார். ஆம் என்றால், ‘டு’.”

லோ பீக்கோலோ தாளை உயர்த்திக் காட்டினார். அதில் எமிலியானாவின் பெயர் ஏற்கனவே எழுதப்பட்டிருந்தது. முத்திரை மைப்பெட்டி திறந்திருந்தது.

அவள் மைப்பெட்டியைப் பார்த்தாள்.

‘இல்லை’ என்பது, ஒரு வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு யன்னலிலும் அவள் சொன்ன பதில்தான். அங்கே ஒருவரும் படுப்பதில்லை. நான்கு பேரைக் கூட்டிவந்து சத்தியம்கூடச் செய்வித்தாள். இன்னொரு முறை சொன்னால் போதும். வெளியே அகஸ்ரின் காலை மாற்றி மாற்றி நிற்பான். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னால், இரண்டு கிழமை எல்லோரும் தொலைபேசியடியில் இருந்து கண்டுபிடித்த அம்மாவை அந்த மண்டபத்திலிருந்து மறுபடி எழுப்பி அனுப்புவது போலிருந்தது.

மௌனம் நீண்டது. பேராசிரியர் லோ பீக்கோலோவின் காதருகே குனிந்தார். “மடத்துப் பழக்கம்,” என்றார். லோ பீக்கோலோ அதை எழுதிக்கொண்டார்.

“படுக்கிறார்கள்,” என்றாள் எமிலியானா.

“மன்னிக்கவும்?”

“இப்போது படுக்கிறார்கள். நூற்றுக்கணக்கில். வரைதல் மண்டபத்தில் என் அம்மா படுக்கிறா.”

பேராசிரியர் மொந்தால்தோ நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். வெற்றிபெற்றவரின் பெருமூச்சல்ல அது, நியாயப்படுத்தப்பட்டவரின் பெருமூச்சு.

“‘டு,’” என்றார் மெதுவாக. “சிஞோரினா, இதை முதல் நாளே சொல்லியிருந்தால் நாம் எல்லோரும் எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தியிருப்போம்! குடும்பமாகவே தங்கியிருக்கிறீர்கள். தாயும் மகளும்! நான் உங்களைக் குற்றம் சொல்லவில்லை. வெட்கம் மனித இயல்பு. ஆனால் பாருங்கள், ஒரு மொழிபெயர்ப்பாளர், ஓர் அதிபர், ஓர் அகராதி, கடைசியில் நீங்களே, நான்கு சாட்சிகள். இந்த நிறுவனம் தாமதிக்கிறது என்பார்கள். தாமதிக்கிறது, ஆனால் தவறுவதில்லை.” இந்த எழுத்தைப் பற்றித் தான் ஒரு கட்டுரை எழுதப்போவதாகவும், அடிக்குறிப்பில் அவளுக்கு நன்றி சொல்வதாகவும் வாக்களித்தார். அவளுடைய பெயரைக் குறிப்பிடத் தேவையில்லை என்றும் சொன்னார்.

தீர்ப்பு வாசிக்கப்பட்டது. விண்ணப்பதாரர் இரண்டு வருடம் தூங்கியது ஏற்றுக்கொள்ளப்படுகிறது. தூக்கத்துக்குப் புள்ளி இல்லை. முதலாம் ஆண்டில் அனுமதி.

லோ பீக்கோலோ தயாராக வைத்திருந்த தாளில் ‘மூன்றாம்’ என்பதை வெட்டி ‘முதலாம்’ என்று எழுதி, முத்திரை குத்தினார். எமிலியானா அதை வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

“ஒரு நிமிடம்,” என்றார் அவர், தலை நிமிராமல். “கோப்பில் இடைவெளி இருக்கக்கூடாது. உங்கள் தாயார். அந்த விடுதியில் எந்த ஆண்டு?”

எமிலியானா அவரைப் பார்த்தாள். அவர் பகிடி விடவில்லை. பேனா காத்திருந்தது.

“முதலாம் ஆண்டு,” என்றாள்.

“மொத்தம் எத்தனை ஆண்டு?”

“அதை இன்னும் ஒருவரும் அறிவிக்கவில்லை.”

லோ பீக்கோலோ அனுதாபத்துடன் தலையாட்டினார். “இங்கேயும் அப்படித்தான்,” என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

அகஸ்ரின் படிகளில் குந்தியிருந்தான். அவளுடைய கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தான். வெட்டப்பட்ட சொல்லையும் மேலே எழுதப்பட்ட சொல்லையும் இரண்டு முறை வாசித்தான்.

“என்ன கேட்டவங்கள்?”

“கொலிஜிலை ஆரும் படுக்கினமோ எண்டு. அம்மாவையும் முதலாம் வருசம் எண்டு கோப்பிலை எழுதிப்போட்டாங்கள்.”

கீழே தெருவில் ஒருவன் மூன்று சக்கர வண்டியில் உப்பு விற்றுக்கொண்டு, முழுப் பலெர்மோவையும் எழுப்புவதுபோலக் கத்திக்கொண்டு போனான். அகஸ்ரின் தாளை மடித்து அவளிடம் கொடுத்துவிட்டு எழுந்து காற்சட்டையின் பின்பக்கத்தைத் தட்டினான்.

“றோசமலருக்கு நான் எழுதுறன்.”

“என்னெண்டு எழுதுவாய்?”

“எங்கடை வீட்டிலை இப்ப ரெண்டு பேர் படிக்கினம், கொஞ்சம் பொறு எண்டு.”